பாசமும் பாசியும்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றியதும் நேரே கூடத்து மூலைக்குத்தான் போவார்கள். அங்கே நாலடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர், வெள்ளை மணல், பாறைகள், பாறை இடுக்கில் ஒளிந்து விளையாடும் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்கள். "ஏங்க, கடலையே வீட்டுக்குள்ளே கொண்டாந்துட்டீங்களே!" என்பார்கள். நானும் பெருமையாகச் சிரித்துக் கொள்வேன்.

ஆனால் 2022-ஆம் வருஷம் தீபாவளிக்கு வந்தவர்கள் யாரும் அந்தத் தொட்டியைப் பார்க்கவில்லை. பார்க்க முடியாதபடி ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடி வைத்திருந்தேன். அந்தக் கதையைத்தான் சகோதரிகளிடம் சொல்லப் போகிறேன்.

தொட்டி என் மகனுடையது. கல்லூரியில் படிக்கும்போதே டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் வாங்கினான். சென்னை வெயிலுக்குத் தண்ணீரைக் குளிர வைக்க ஒரு சில்லர், அலை மாதிரி தண்ணீரை அசைக்க இரண்டு மோட்டார், நீல வெளிச்சம் தரும் விளக்கு என்று ஒவ்வொன்றாக வாங்கி மாட்டினான். "பவளம் வைக்கலியா?" என்று நான்கூட ஒருநாள் கேட்டேன். "வைக்கக் கூடாதும்மா. பவளப் பாறைகளை 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல சேர்த்துட்டாங்க. புலி, யானைக்கு என்ன பாதுகாப்போ அதுதான் பவளத்துக்கும்" என்றான். ஒரு கடையில் ரகசியமாகத் தருகிறேன் என்றபோதும் அவன் வாங்கவில்லை. எங்கள் தொட்டியில் இருக்கும் பாறையெல்லாம் சுட்ட மண்ணில் செய்த செயற்கைப் பாறைகள்தான். மீன்களும் கடலில் பிடித்தவை இல்லை, குஞ்சு பொரித்து வளர்த்தவை.

அந்தத் தொட்டியில் அவனுக்கு ரொம்பப் பிடித்தது மீன்கூட இல்லை, ஓர் இறால். சமையலுக்கு வாங்குகிற இறால் இல்லை. உடம்பெல்லாம் சிவப்பு, முதுகில் வெள்ளைக்கோடு, நீளநீளமாய் வெள்ளை மீசை. மீன்கள் மேல் ஒட்டியிருக்கும் அழுக்கையும் பூச்சியையும் பொறுக்கித் தின்னும் ஜாதி. அவன் தண்ணீருக்குள் கையை விட்டால் ஓடி வந்து விரலில் ஏறி நகத்தைச் சுத்தம் செய்யும்! அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஆறு வயதுப் பையன் மாதிரி ஆகிவிடுவான்.

2022 ஜூன் மாதம் மேல்படிப்புக்கு ஆஸ்திரேலியா போனான். புறப்படும் முன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தான். நான் பிளஸ் டூ வரை படித்தவள். எனக்குப் புரிகிற மாதிரி பொறுமையாகத்தான் எழுதியிருந்தான். விமான நிலையத்தில், "அம்மா, இறாலைப் பாத்துக்கோ" என்றான். "போடா, என்னைப் பாத்துக்கோன்னு அப்பாகிட்ட சொன்னியா?" என்று சிரித்துக்கொண்டே அழுதேன்.

முதல் ஒரு மாதம் எல்லாம் நன்றாகவே போயிற்று. ஆகஸ்டில் பாறைகளின் மேல் பச்சையாய் மெல்லிய ரோமம் மாதிரி ஏதோ முளைத்தது. அழகாய்த்தான் இருந்தது, புல் முளைத்தாற்போல. பதினைந்தே நாளில் அந்தப் புல் விரல் நீளம் வளர்ந்து, சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரி பாறை முழுக்கத் தொங்க ஆரம்பித்தது. கண்ணாடியில் பச்சைப் படலம். மணல் மேல் கருஞ்சிவப்பாய் ஜவ்வு மாதிரி ஒன்று, அதில் குமிழி குமிழியாய்க் காற்று. தினமும் சுரண்டினேன். காலையில் சுரண்டினால் சாயந்திரம் திரும்ப வந்து நிற்கும்!

மகன் தினம் வீடியோவில் பேசுவான். "தொட்டியைக் காட்டும்மா" என்பான். "விளக்கை அணைச்சிட்டேன்டா", "சார்ஜ் இல்லடா" என்று ஏதாவது சொல்லித் தட்டிக் கழிப்பேன். அந்த மூலை தெரியாதபடி போனைத் திருப்பி வைத்துக்கொண்டு பேசப் பழகிக் கொண்டேன். பெற்ற பிள்ளையிடமே பொய்! இவரோ, "வித்துத் தொலைச்சிடலாம், கரண்ட் பில்லாவது குறையும்" என்றார்.

அக்டோபர் ஆரம்பத்தில் ஒரு கடைக்காரரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்து, "பத்து சொட்டு விடுங்க, மூணு நாள்ல பாசி போயிடும்" என்றார். நானும் வந்து விட்டேன். எனக்குத்தான் அவசரமாச்சே, பத்துக்குப் பதினைந்தாக விட்டேன்.

மறுநாள் விடிகாலை போய்ப் பார்த்தால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. நத்தைகள் ஆறும் மணலில் கவிழ்ந்து கிடக்கின்றன. பாறை ஓரத்தில் இறால் அசையாமல் கிடந்தது. அது அவ்வப்போது மேல்தோலைச் சட்டை போல உரித்துப் போடும். முன்பு ஒருமுறை அந்தத் தோலைப் பார்த்து இறாலே செத்துவிட்டது என்று பதறியிருக்கிறேன். இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, எங்கே புது இறால், எங்கே புது இறால் என்று பாறை பாறையாகத் தேடினேன். இல்லை. அது தோல் இல்லை, இறாலேதான்.

பாட்டிலை எடுத்துக் கண்ணாடி போட்டுப் படித்தேன். அதில் இருந்தது தாமிரம். நத்தை, இறால் உள்ள தொட்டியில் விடக் கூடாது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. மீன் ஓரளவு தாங்கும் தாமிரத்தை நத்தையும் இறாலும் தாங்காது. அதோடு, செத்த பாசி தண்ணீரிலேயே அழுகும்போது பிராண வாயுவைத் தின்றுவிடும். மீன்கள் மூச்சுக்குத் திணறியது அதனால்தான். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு மட்டும் மூன்று குடம், மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே அளவு என்று தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றி மீன்களைக் காப்பாற்றினேன். போர்வை போட்டு மூடியது அப்போதுதான்.

தீபாவளி முடிந்த மறுநாள். என் மாமியார் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுபத்தெட்டு வயது, தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவர். நான் போர்வையை விலக்கிப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் பாறையைத் தேய்த்துக் கொண்டிருந்தேன்.

"நானும் ரெண்டு மாசமாப் பாக்கறேன், தேய்ச்சுக்கிட்டே இருக்கியே" என்றார். "எங்க ஊர்க் குளத்துல பாசியை விலக்கிட்டுத்தான் குடத்தை முக்குவோம். கையை எடுத்ததும் மூடிக்கும். பாசியைப் பாத்தா ஆச்சா? குளத்துக்குள்ள என்ன வருதுன்னு வாய்க்காலைப் பாக்க வேணாமா?"

"இதுல ஏது அத்தை வாய்க்கால்?"

"ஏன், உன் கைதான் வாய்க்கால். எத்தனை தடவை தீனி போடறே?"

நோட்டில் ஒரு வேளை என்றுதான் எழுதியிருந்தது. கொஞ்சம் கூச்சத்தோடு, "மூணு வேளை அத்தை" என்றேன். கண்ணாடிப் பக்கம் போனாலே மீன்கள் ஓடி வந்து என் முகத்தைப் பார்க்கும். பசியோடு இருக்கும் குழந்தை மாதிரித் தோன்றும். எப்படிப் போடாமல் இருப்பது?

அப்போது பேப்பர் படித்துக் கொண்டிருந்த இவர் மெதுவாகத் தலையைத் தூக்கினார். "காலையில காபி குடிக்கும்போது நானும் ஒரு சிட்டிகை போடுவேன்" என்றார்! சமையலறையிலிருந்து வேலைக்கார அம்மா, "நானும் கூட்டறப்போ கொஞ்சூண்டு போடுவேங்க, தம்பி ஞாபகமா" என்றார். கடைசியில் மாமியாரே புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார். "நான் பொரிதாண்டி போட்டேன், பொரி ஒண்ணும் செய்யாதுன்னு நினைச்சேன்" என்கிறார்!

நாலு மீனுக்கு ஆறு வேளைச் சாப்பாடு. போனவன் ஒருத்தன். அவனுக்கு ஊட்ட முடியாததை எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அந்தத் தொட்டியில் கொட்டியிருக்கிறோம். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அன்று இரவு மகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இறால் செத்ததைச் சொல்லும்போது குரல் உடைந்தது. அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "இறால் போனது கஷ்டமாத்தான் இருக்கும்மா. அதைவிட நீ இத்தனை நாள் என்கிட்ட சொல்லாம இருந்ததுதான் கஷ்டமா இருக்கு" என்றான். அந்த வார்த்தை இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. பிறகு அவனே, "சரி, இப்ப போனைத் திருப்பு, தொட்டியைக் காட்டு" என்றான். அன்றிலிருந்து அவன் வாத்தியார், நான் மாணவி.

அவன் சொன்னது இதுதான். பாசி என்பது வியாதி இல்லை, பயிர். மீன் தின்றது போக மிச்சத் தீனியும் மீனின் கழிவும் அழுகி அம்மோனியா ஆகும். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். தீனியிலிருந்து பாஸ்பேட்டும் சேரும். வயலுக்கு யூரியாவும் டி.ஏ.பி.யும் போடுகிறோமே, அதே தழைச்சத்தும் மணிச்சத்தும்தான் இவை. உரத்தைப் போட்டுவிட்டு, விளக்கையும் போட்டுவிட்டு, பயிர் வராதே என்றால் வராமல் இருக்குமா? மணல் மேல் படிந்த கருஞ்சிவப்பு ஜவ்வு மட்டும் பாசி மாதிரி இருந்தாலும் ஒருவகை பாக்டீரியாவாம். அதுவும் இதே சத்தில், தண்ணீர் ஓட்டம் குறைந்த இடத்தில்தான் படரும்.

"வீட்டுக் கணக்கு எழுதறியே, அதே மாதிரிதாம்மா. வரவைக் குறை, செலவைக் கூட்டு" என்றான். வரவு செலவு என்றதும் எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

முதலில் வரவு. தீனி டப்பா என் பீரோவுக்குப் போயிற்று. ஒரு நாளைக்கு ஒரே வேளை, இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு. உறைந்த தீனியை அப்படியே போடாமல், வடிகட்டியில் போட்டு அலசி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போட்டேன். மீன்கள் கண்ணாடியில் வந்து நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும் என்று மனதைக் கல்லாக்கிக் கொண்டேன். ஒன்றும் இளைக்கவில்லை!

அடுத்து தண்ணீர். தொட்டித் தண்ணீர் தினமும் கொஞ்சம் ஆவியாகும். உப்பு ஆவியாகாது. ரசம் சுண்டினால் உப்புக் கரிக்கிற மாதிரிதான். அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். நான் சோம்பல்பட்டு போர் தண்ணீரையே ஊற்றியிருந்தேன். அதில் இருக்கிற நைட்ரேட், சிலிக்கேட் எல்லாம் நாளுக்கு நாள் தொட்டியிலேயே சேர்ந்துவிட்டது. சமையலறை ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறினேன். அதிலும் ஒரு விஷயம் உண்டு. சில ஆர்.ஓ. மெஷின்களில் ருசிக்காகச் சுத்திகரிக்காத தண்ணீரையும் கொஞ்சம் கலக்கிற திருகு இருக்கும். மெக்கானிக்கிடம் சொல்லி, தொட்டிக்கு மட்டும் கலப்பில்லாத தண்ணீர் வர தனிக் குழாய் வைத்துக் கொண்டேன்.

மூன்றாவது வெளிச்சம். அவன் போன பிறகு கூடம் வெறிச்சென்று இருக்கிறதே என்று காலை ஏழிலிருந்து ராத்திரி பதினொன்று வரை தொட்டி விளக்கை எரியவிட்டிருந்தேன். பாசிக்கு விருந்து! ஒரு டைமர் வாங்கி மாட்டி எட்டு மணி நேரமாகக் குறைத்தேன்.

இனி செலவு. பாசியைச் சுரண்டித் தொட்டிக்குள்ளேயே விட்டால் அது அழுகி மறுபடி உரமாகிவிடும். இரண்டு மாதம் நான் செய்த தப்பு அதுதான். ஒரு கையால் பிரஷ்ஷில் தேய்த்து, மறு கையில் ரப்பர் குழாயைப் பிடித்து, வருகிற பாசியைத் தண்ணீரோடு வாளிக்கு இறக்கினேன். வெளியேற்றிய தண்ணீருக்குப் பதிலாக வாரம் இருபது லிட்டர் புது உப்புத் தண்ணீர். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடலுப்புக் கலவை போட்டு, முதல் நாளே கரைத்து வைத்து ஊற்றுவேன். சமையல் உப்பு உதவாது. தண்ணீர் ஓடாத மூலையில் ஜவ்வு படிந்ததால் ஒரு மோட்டாரைத் திருப்பி வைத்தேன்.

ஸ்கிம்மர் என்று ஒரு கருவி உண்டு. காற்றுக் குமிழிகளை விட்டு அழுக்கை நுரையாகப் பிரித்துக் கிண்ணத்தில் தள்ளும். பாகு காய்ச்சும்போது பால் விட்டு அழுக்கு நுரையை எடுப்போமே, அதே வேலை. கிண்ணம் நாற்றம் அடிக்கிறதென்று நான் கழுவாமலே விட்டிருந்தேன். கிண்ணம் அழுக்காக இருந்தால் நுரை மேலே ஏறாது. வாரம் இரண்டு முறை கழுவ ஆரம்பித்ததும் கறுப்பு டீ மாதிரி அழுக்கு வந்து விழுந்தது.

முதல் முறை தண்ணீரைச் சோதித்தபோது நைட்ரேட் 80-க்குப் போய் ரத்தச் சிவப்பாய் நிறம் காட்டியது. எப்படியும் ஒரே மாதத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. மூன்று மாதம் ஆயிற்று, தொட்டி பாதிகூடத் தெளியவில்லை. பாறையும் மணலும் பழைய உரத்தைக் குடித்து வைத்திருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கக்கும் என்றான் மகன். தாமிரமும் அப்படித்தான். அதற்கென்று தனிக் கிட் வாங்கிச் சோதித்து, துளிகூட இல்லை என்று காட்டும் வரை நத்தையை விடக் கூடாது என்றான். அதற்கு ஐந்து மாதம் ஆயிற்று. அவசரப்பட்ட பதினைந்து சொட்டுக்கு ஐந்து மாதத் தண்டனை!

2023 ஏப்ரலில் எட்டு நத்தைகளும் இரண்டு துறவி நண்டுகளும் வந்தன. இவை பாசியை மேய்கிற ஆடுமாடுகள். வடிகட்டிப் பெட்டியின் பின்னறையில் கேட்டோமார்ஃபா என்ற கடல்பாசியை வளர்த்தோம். பார்த்தால் பாத்திரம் தேய்க்கிற நார் பச்சை நிறத்தில் சிக்கலாய்க் கிடப்பது போல இருக்கும். அதற்குத் தனி விளக்கு, ராத்திரியில் மட்டும் எரியும். தொட்டியில் இருக்கிற உரத்தை இந்த நல்ல பாசி தின்றுவிட்டால் கெட்ட பாசிக்கு மிச்சம் இருக்காது. மாதம் ஒருமுறை அதில் ஒரு பிடி கிள்ளி எடுத்துக் காயப்போட்டு எறிவேன். சாக்கடையிலோ கடலிலோ போடுவதில்லை.

ஏன் தெரியுமா? இடம் மாறிய பாசி என்ன செய்யும் என்பதற்கு நம்ம மண்டபம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. கப்பாஃபைகஸ் என்ற கடல்பாசியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து அங்கே பயிரிட்டார்கள். அது குருசடைத் தீவில் உயிரோடிருந்த பவளங்கள் மேல் படர்ந்து மூடியதை 2008-ல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல் தேசியப் பூங்கா ஆக்கியதே அந்தப் பவளங்களைக் காப்பாற்றத்தான். கடலிலும் இதே கணக்குதான் என்பான் என் மகன். கிளிமீன் போன்ற மேய்கிற மீன்களை அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டு, கழிவு நீரையும் வயல் உரத்தையும் கடலில் விட்டால், பாசி பவளத்தை மூடிவிடும். வித்தியாசம் ஒன்றுதான். என் தொட்டித் தண்ணீரை நான் மாற்றலாம், கடல் தண்ணீரை யார் மாற்றுவது?

அந்த வருஷம் ஆடி மாதம் ஒருநாள் சோதித்தபோது நைட்ரேட் 10-ல் நின்றது. பாறைகளில் பச்சை முடி அங்கங்கே நாலு இழை மட்டும். முழுக்க ஒழிந்துவிடவில்லை, ஒழியவும் ஒழியாது. கொஞ்சம் பாசி இருந்தால்தான் நத்தைகளுக்குச் சாப்பாடு. நான் அதோடு சண்டை போடுவதை விட்டுவிட்டேன்.

இந்தக் கணக்கை ஒருநாள் சாப்பாட்டு மேஜையிலும் போட்டுப் பார்த்தேன். இவருக்குச் சர்க்கரை இருக்கிறது. "இன்னும் ஒரு கரண்டி போட்டுக்குங்க" என்று தட்டில் தள்ளுவது என் வழக்கம். போட்டுக்கொள்ளாவிட்டால் முகம் சுருங்கிவிடும் எனக்கு. இப்போது கரண்டியை மேஜையில் வைத்துவிட்டு, சாப்பிட்ட பிறகு அவரோடு கால் மணி நேரம் தெருவில் நடக்கிறேன். அதுவும் பாசம்தானே!

2024 ஜூலையில் மகன் வந்தான். பெட்டியைக்கூட உள்ளே வைக்கவில்லை, தொட்டி முன்னால் போய் நின்றான். நான் சொல்லாமல் வைத்திருந்த ஒரே ஒரு விஷயம் அங்கே இருந்தது. ஒரு மாதம் முன்பு வாங்கி விட்டிருந்த புது இறால். கையைக் கழுவிவிட்டுத் தண்ணீருக்குள் விரலை நீட்டினான். அது வரவில்லை. பாறைக்குள்ளிருந்து மீசையை மட்டும் ஆட்டிக் கொண்டிருந்தது.

"புதுசு இல்லியா, பழகணும்டா" என்றேன்.

"வரும்மா" என்றான். பக்கத்தில் என் மாமியார் தன் சுருக்குப் பையைத் தடவிக் கொண்டிருந்தார். உள்ளே பொரி இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம்!